கார்பன் மோனாக்சைடுக்குச் சிக்காத மூலக்கூறு வாயுவை ரேடியோ உட்கவர் கோடுகளால் கண்டறியும் முறை

பால்வழி மண்டலத்தில் புதிய விண்மீன்களுக்கான மூலப்பொருள் ஹைட்ரஜன் மூலக்கூறுதான். ஆனால் அது மிகுந்திருக்கும் குளிர்ந்த இடங்களில் அதை நேரடியாகப் பார்ப்பது ஏறத்தாழ இயலாத செயல். ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்து உருவானதால் அம்மூலக்கூறுக்கு நிலையான இருமுனைத் திருப்புத்திறன் கிடையாது. அதன் மிகத் தாழ்ந்த சுழற்சி நிலைமாற்றம் 28.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், அதுவும் மிக வலுக்குன்றியே நிகழ்கிறது. அந்த மேல்நிலையை எட்ட 510 கெல்வினுக்கு ஈடான ஆற்றல் வேண்டும். மேகங்களின் வெப்பநிலையோ 10 முதல் 100 கெல்வின் வரைதான். 1970இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் ஆகிய மூவரும் ஓரியன் நெபுலாவின் திசையில் கார்பன் மோனாக்சைடின் 115.27 கிகாஹெர்ட்ஸ் கோட்டைக் கண்டுபிடித்த பிறகு, அந்தக் கோட்டின் செறிவை அளந்து, ஒரு மாறிலியால் பெருக்கி, ஹைட்ரஜன் மூலக்கூறின் அளவைச் சொல்வது வழக்கமாயிற்று. கோட்டின் செறிவு 1 கெல்வின் கி.மீ./நொடி என்றால், பார்வைக் கோட்டின் வழியே ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தூணில் 2×10²⁰ ஹைட்ரஜன் மூலக்கூறுகள் உள்ளன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

அடர்ந்த மேகங்களுக்கு இந்த அளவு பொருந்துகிறது. மேகங்களின் விளிம்புகளுக்கும் மெல்லிய மேகங்களுக்கும் பொருந்துவதில்லை. புறஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் மூலக்கூறைச் சிதைக்க வேண்டுமானால் அதன் குறிப்பிட்ட சில கோடுகளின் வழியாகவே சிதைக்க முடியும். மேகத்தின் வெளிப்புறத்திலுள்ள மூலக்கூறுகள் அந்தக் கோடுகளை நிரப்பிவிடுவதால், தூசு சிறிதளவே இருந்தாலும் உள்ளேயிருக்கும் ஹைட்ரஜன் தப்பிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் அது தன்னைத்தானே அவ்வளவு எளிதில் காத்துக்கொள்ள முடியாது. தூசின் மறைப்பும் ஹைட்ரஜனின் மறைப்பும் சேர்ந்தால்தான் அது பிழைக்கும். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவில் ஹைட்ரஜன் மூலக்கூறாகவும் கார்பன் அயனியாகவும் இருக்கும் ஓர் அடுக்கு இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகவே தெரியும். 2005இல் இசபெல் கிரெனியேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் காம்ப்டன் விண்கலத்தின் காமாக்கதிர்த் தரவுகளைக் கொண்டு, சூரியனுக்கு அண்மையிலுள்ள மேகங்களைச் சுற்றி இத்தகைய வாயு பரந்து கிடப்பதைக் காட்டினார்கள். பின்னர் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி கார்பன் அயனியின் 158 மைக்ரோமீட்டர் கோட்டை அளந்தபோது, பால்வழியின் மூலக்கூறு வாயுவில் ஏறத்தாழ 30 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தது என்ற மதிப்பீடு கிடைத்தது.

மறைந்திருக்கும் இந்த வாயுவை ரேடியோ உட்கவர் கோடுகளால் எவ்வாறு தேடுவது, கிடைத்த கோட்டிலிருந்து ஹைட்ரஜனின் அளவை எவ்வாறு கணிப்பது என்பதை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. இயற்பியல் முதுகலை மாணவருக்குரிய அடிப்படையும், பைத்தான் நிரல் எழுதும் பழக்கமும், ரேடியோ தொலைநோக்கித் தரவைச் சீரமைக்க இலவசமாகக் கிடைக்கும் காசா மென்பொருளை இயக்க ஒரு நல்ல கணினியும் இருந்தால் போதும். தொலைநோக்கி நேரம் கிடைக்காதவர்கள் பொதுத் தரவுக் காப்பகங்களிலிருந்தே இந்த வேலையைத் தொடங்கலாம்.

உட்கவர் கோடு எதனால் உதவுகிறது?

ஒரு மூலக்கூறு கதிர்வீச்சை வெளியிட வேண்டுமானால் முதலில் அது மேல்நிலைக்கு உயர்த்தப்பட வேண்டும். மெல்லிய வாயுவில் மோதல்கள் அரிது என்பதால் மூலக்கூறுகள் மேல்நிலைக்கு உயர்வதும் அரிது. அங்கே அவற்றின் கிளர்வு வெப்பநிலை (மேல்நிலை, கீழ்நிலைகளில் மூலக்கூறுகள் பங்கிடப்பட்டுள்ள விகிதத்தைக் குறிக்கும் வெப்பநிலை), வாயுவின் உண்மையான வெப்பநிலை 50 அல்லது 80 கெல்வினாக இருந்தாலும், அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் 2.73 கெல்வினை ஒட்டியே நிற்கிறது. கோட்டின் செறிவு என்பது, கிளர்வு வெப்பநிலைக்கும் பின்னணியின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை, வாயு தடுக்கும் பங்கால் பெருக்கிக் கிடைக்கும் அளவு. வேறுபாடு பூச்சியம் என்றால், வாயு எவ்வளவு இருந்தாலும் கோடு தெரியாது. அதே வாயுவுக்குப் பின்னால் ஒரு குவேசார், அதாவது தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மிகப் பிரகாசமான மையம், இருந்துவிட்டால் பின்னணியின் ஒளிர்வு வெப்பநிலை மிகப் பெரிதாகிவிடுகிறது. அந்த வேறுபாடு எதிர்மறையாகி, கோடு ஒரு பள்ளமாக வெட்டெனத் தெரிகிறது. கீழ்நிலையில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதே பள்ளத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. குளிர்ந்த வாயுவில் பெரும்பாலான மூலக்கூறுகள் கீழ்நிலைகளில்தான் இருக்கின்றன. வெளியீட்டைத் தேடுபவருக்குத் தடையாக இருக்கும் குளிர்ச்சி, உட்கவர்தலைத் தேடுபவருக்குத் துணையாகிறது என்பதே இம்முறையின் உயிர்நாடி.

பின்னணி மூலம் இருக்கும் திசையில் மட்டுமே அளக்க முடியும் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை. வரைபடம் கிடைக்காது; வானத்தில் ஆங்காங்கே ஊசிமுனை போன்ற பார்வைக் கோடுகள் மட்டுமே கிடைக்கும். இதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

எந்தக் கோட்டைத் தேர்ந்தெடுப்பது?

நடைமுறையில் மூன்று கோடுகள் முதன்மையானவை. முதலாவது ஹைட்ராக்சில் மூலக்கூறின் 18 சென்டிமீட்டர் கோடுகள். விண்மீனிடை வெளியில் ரேடியோ அலையால் கண்டறியப்பட்ட முதல் மூலக்கூறே ஹைட்ராக்சில்தான். 1963இல் சாண்டர் வைன்ரெப், ஆலன் பேரட், மீக்ஸ், ஹென்றி ஆகியோர் மாசசூசெட்ஸின் மில்ஸ்டோன் குன்றிலுள்ள 84 அடி அலைவாங்கியால், காசியோப்பியா ஏ என்ற வெடிப்பெச்சத்தின் திசையில் அதை உட்கவர் கோடாகவே கண்டார்கள். இம்மூலக்கூறுக்கு 1612.231, 1665.402, 1667.359, 1720.530 மெகாஹெர்ட்ஸ் ஆகிய நான்கு கோடுகள் உண்டு. வெப்பச் சமநிலையில் அவற்றின் வலு 1:5:9:1 என்ற விகிதத்தில் அமையும். நடுவிலுள்ள இரண்டும் முதன்மைக் கோடுகள். கணிப்புக்கு 1667ஐயும் சரிபார்ப்புக்கு 1665ஐயும் பயன்படுத்த வேண்டும். ஓரக் கோடுகள் இரண்டும் சமநிலையிலிருந்து எளிதில் விலகுவதால் அவற்றைக் கொண்டு தூண் அடர்த்தியை, அதாவது பார்வைக் கோட்டின் வழியே ஒரு சதுர சென்டிமீட்டர் தூணிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை, கணிக்கக் கூடாது. மேலும் 1612 கோட்டுக்கு மிக அருகில் இரிடியம் செயற்கைக்கோள்களின் அலைவரிசை இருப்பதால், அங்கே குறுக்கீட்டுத் தொல்லை அதிகம்.

இரண்டாவது, ஃபார்மைல் அயனியின் 89.1885 கிகாஹெர்ட்ஸ் கோடு. என் கருத்தில், மெல்லிய வாயுவைத் தேடுவோருக்கு இதைவிடக் கூர்மையான கருவி வேறில்லை. இந்த அயனியின் இருமுனைத் திருப்புத்திறன் பெரிது. ஹைட்ரஜன் மூலக்கூறு 1000 கோடி இருக்கும் இடத்தில் ஃபார்மைல் அயனி 30 மட்டுமே இருந்தாலும் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. ரொபேர் லூக்காவும் ஹார்வி லிஸ்ட்டும் 1990களில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள குறுக்கீட்டுமானியை (பல அலைவாங்கிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் தொலைநோக்கியை) கொண்டு, பால்வழிக்கு அப்பாலுள்ள ரேடியோ மூலங்களின் முன்னே இந்தக் கோட்டை முறையாக அளந்து வழிகாட்டினார்கள்.

மூன்றாவது, அணுநிலை ஹைட்ரஜனின் 1420.406 மெகாஹெர்ட்ஸ் கோடு. இது மூலக்கூறுக் கோடு அன்று. ஆனாலும் இதைத் தவிர்த்தால் முடிவு நிற்காது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். இவை தவிர 3.3 கிகாஹெர்ட்ஸ் அருகே உள்ள மெத்திலிடின் கோடுகளும் உண்டு. அவை பெரும்பாலும் மேசராக, அதாவது பின்னணியைப் பெருக்கிக் காட்டும் கோடுகளாக நடந்துகொள்வதால், தொடக்கநிலையில் அவற்றை விட்டுவிடலாம்.

பின்னணி மூலமும் தொலைநோக்கியும்

பின்னணி மூலத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: அது பிரகாசமாகவும், கோண அளவில் சிறியதாகவும் இருக்க வேண்டும். பிரகாசம் எவ்வளவு வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். மெல்லிய வாயுவில் 1667 கோட்டின் ஒளியியல் ஆழம், அதாவது வாயு பின்னணிக் கதிர்வீச்சை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, 0.02 அளவில் இருக்கும் என்று கொள்வோம். அதை ஐந்து மடங்கு இரைச்சலுக்கு மேல் காண வேண்டுமானால், ஒவ்வொரு சேனலிலும் (நிறமாலையின் ஒவ்வொரு சிறு அதிர்வெண் துண்டிலும்) ஒளியியல் ஆழத்தின் இரைச்சல் 0.004 ஆகவும், தொடர் கதிர்வீச்சு இரைச்சலைப்போல் 250 மடங்காகவும் இருக்க வேண்டும். சேனலின் அகலம் 0.2 கி.மீ./நொடி, அதாவது இந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ 1.1 கிலோஹெர்ட்ஸ் என்றால், நியூ மெக்சிகோவின் வெரி லார்ஜ் அரேயில் 27 அலைவாங்கிகளும் இரு முனைவாக்கங்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 6 மில்லிஜான்ஸ்கி (ஜான்ஸ்கி என்பது ரேடியோ மூலங்களின் பிரகாசத்துக்கான அலகு) அளவுக்கு இரைச்சலைக் குறைக்கும். ஆகவே 1.5 ஜான்ஸ்கி கொண்ட மூலம் வேண்டும். மூலத்தின் பிரகாசம் பாதியானால் நேரம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்து மூலங்களை வரிசைப்படுத்துங்கள்.

தொலைநோக்கியைத் தேர்வு செய்வதில் இந்திய மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புனேவுக்கு வடக்கே கொடாட் கிராமத்தில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளோடு இயங்கும் ஜி.எம்.ஆர்.டி., ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் உட்கவர்தலை அளக்க மிகச் சிறந்த கருவி. ஆனால் அதன் உச்சப் பட்டை 1450 மெகாஹெர்ட்ஸ் அருகே முடிந்துவிடுவதால் பால்வழியின் ஹைட்ராக்சில் கோடுகள் அதற்கு எட்டுவதில்லை. சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியின் 19 கற்றை ஏற்பிக்கும் இதே எல்லைதான். தென்னாப்பிரிக்காவின் மீர்கேட், 856 முதல் 1712 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் இரண்டையும் அடக்கிவிடுகிறது. அங்கே குறுகிய பட்டையை நுணுக்கமாகப் பகுக்கும் முறையைக் கேட்டுப் பெற வேண்டும், இல்லையேல் ஒரு கி.மீ./நொடி அகலமுள்ள கோடு ஒரே சேனலுக்குள் கரைந்துவிடும். உதகையின் ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டது. அங்கே மூலக்கூறுக் கோடுகளைத் தேட முடியாது, ஆனால் கார்பன் அயனியின் மீளிணைவுக் கோடுகளை அதைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் இதே குளிர்ந்த வாயுவைப் பற்றிய செய்திதான். ஃபார்மைல் அயனிக்கு, சிலியின் ஆட்டகாமா பாலைவனத்தில் 5000 மீட்டர் உயரத்திலுள்ள ஆல்மாவும் பிரான்ஸின் நோயெமாவும் ஏற்றவை.

தொலைநோக்கி நேரம் இல்லாதவர்களுக்கு ஆல்மாவின் தரவுக் காப்பகமே பெரும் செல்வம். ஆல்மா எந்தப் பொருளை நோக்கினாலும், இடையிடையே அருகிலுள்ள குவேசார்களை அளவுத்திருத்தத்துக்காக நோக்குகிறது. யாரோ ஒருவர் ஒரு மேகத்தின் ஃபார்மைல் அயனியை அளக்க எடுத்த தரவில், அந்தக் குவேசாரின் நிறமாலையும் அதே அதிர்வெண்ணில், அதே நுணுக்கத்தில் உடன் கிடக்கிறது. 89.19 கிகாஹெர்ட்ஸை உள்ளடக்கிய பட்டை, 100 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைந்த சேனல் அகலம், பொதுவெளிக்கு வந்துவிட்ட தரவு என்ற மூன்று வடிகட்டிகளைக் கொண்டு தேடினால் பயிற்சிக்கு ஏராளமான பார்வைக் கோடுகள் கிடைக்கும். கமீலியன் மேகத்தொகுதியின் திசையில் இவ்வாறு ஆல்மாவின் 13 அளவுத்திருத்தக் குவேசார்களையே பின்னணியாகக் கொண்டு லிஸ்ட், மரிவோன் ஜெரின், கிரெனியே ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 13 திசைகளிலும் ஃபார்மைல் அயனியின் பள்ளம் தெரிந்தது. அவற்றுள் 12 திசைகளில் கார்பன் மோனாக்சைடின் வெளியீடு தென்படவில்லை. இம்முறையின் வலிமைக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

தரவைச் சீரமைத்தல்

மொத்த வேலையின் தலைவிதியைத் தீர்மானிப்பது இந்தக் கட்டம்தான்; இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். நாம் தேடும் பள்ளம் தொடர் கதிர்வீச்சில் நூற்றில் ஒரு பங்காகவோ இரண்டு பங்காகவோ இருக்கும்போது, கருவியின் பட்டை வடிவத்தில் (அதிர்வெண்ணுக்கேற்ப அதன் உணர்திறன் மாறும் விதத்தில்) அதே அளவு பிழை இருந்தால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

பட்டை வடிவத்தை அளக்கப் பயன்படும் மூலத்தின் திசையிலும் பால்வழி வாயு இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 21 சென்டிமீட்டரில் 3சி 147 என்ற புகழ்பெற்ற அளவுத்திருத்த மூலத்தை எடுத்துக்கொள்வோம். பால்வழித் தளத்திலிருந்து அது ஏறத்தாழ 10 பாகை தொலைவில் இருப்பதால், அதன் நிறமாலையிலேயே ஹைட்ரஜனின் ஆழமான பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தோடு கூடிய வடிவத்தால் நம் மூலத்தின் நிறமாலையை வகுத்தால், அதே திசைவேகத்தில் ஒரு பொய்யான மேடு எழும். நம் மூலத்திலுள்ள உண்மையான பள்ளம் அதற்குள் நிரம்பி மறைந்தும் போகலாம். இதைத் தவிர்க்க, ஜி.எம்.ஆர்.டி. போன்ற கருவிகளில் அளவுத்திருத்த மூலத்தை நோக்கும்போது மைய அதிர்வெண்ணைச் சில மெகாஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகர்த்தி அளந்து, பால்வழியின் திசைவேகங்கள் இல்லாத இடத்திலிருந்து பட்டை வடிவத்தைப் பெறுகிறார்கள். காப்பகத் தரவில் இவ்வாறு செய்யப்படாமல் இருந்தால், பட்டை வடிவத்துக்குரிய மூலத்தின் நிறமாலையைத் தனியே வரைந்து, சந்தேகத்துக்குரிய சேனல்களை நீக்கி, அவற்றின் இடத்தைப் பக்கத்துச் சேனல்களிலிருந்து இடைச்செருகலாக நிரப்புங்கள். ஃபார்மைல் அயனிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: பால்வழித் தளத்துக்கு அருகே, தாழ்ந்த அட்சத்திலுள்ள குவேசார் பட்டை வடிவ மூலமாகப் பயன்பட்டிருந்தால், அதை ஒருபோதும் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

அடுத்தது திசைவேக அச்சு. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.; மெல்லிய மேகத்தின் கோட்டகலமோ ஒரு கி.மீ. அளவுதான். வெவ்வேறு மாதங்களில் எடுத்த தரவுகளை அதிர்வெண்ணை மட்டும் பார்த்துக் கூட்டினால் கோடு சிதறிவிடும். ஒவ்வொரு நாளின் தரவையும், சூரியனுக்கு அருகிலுள்ள விண்மீன்களின் சராசரி இயக்கத்தை ஓய்வாகக் கொள்ளும் அண்மை ஓய்வுநிலைச் சட்டகத்துக்கு மாற்றிய பிறகே ஒன்றுசேர்க்க வேண்டும். காசாவில் பிம்பம் உருவாக்கும்போதே இந்தச் சட்டகத்தைக் குறிப்பிடலாம்.

21 சென்டிமீட்டரில் மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. வானம் முழுவதும் ஹைட்ரஜன் வெளியீடு பரவியிருப்பதால், குறுக்கீட்டுமானியின் குறுகிய அடிக்கோடுகள் (அருகருகே உள்ள அலைவாங்கி இணைகள்) அதையும் சேர்த்து வாங்கி, பள்ளத்தை ஓரளவு நிரப்பிவிடும். ஆகவே ஏறத்தாழ 200 மீட்டருக்குக் குறைந்த அடிக்கோடுகளை விலக்கிவிட்டுப் பிம்பத்தை உருவாக்குங்கள். பின் அந்த எல்லையை இரட்டித்து மீண்டும் உருவாக்கிப் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் மாறாவிட்டால் கவலையில்லை. மாறினால், இன்னும் நீண்ட அடிக்கோடுகளை மட்டுமே நம்ப வேண்டும்.

பிம்பம் தயாரானதும் மூலத்தின் உச்சப் புள்ளியில் நிறமாலையைப் பிரித்தெடுங்கள். தொடர் கதிர்வீச்சைக் கழித்த பிம்பத்திலிருந்து நிறமாலையை எடுத்து, பிறகு வேறொரு பிம்பத்திலிருந்து தொடர் கதிர்வீச்சின் அளவைத் தேடும் பழக்கம் பலருக்கு உண்டு. இரு பிம்பங்களின் எடையிடல் வேறுபட்டால் பிழை நுழைந்துவிடும். கழிக்காத பிம்பத்திலிருந்தே நிறமாலையை எடுத்து, கோடு இல்லாத சேனல்களுக்கு முதல் அல்லது இரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தி, அதனால் வகுத்துவிடுவதே நேர்மையான வழி. இப்போது கோடற்ற இடமெல்லாம் 1 என்ற மதிப்பில் நிற்கும். படியை உயர்த்திக்கொண்டே போய் நிறமாலையின் அடித்தளத்தை அழகாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் படிக் கோவை, உண்மையான அகன்ற பள்ளத்தையும் விழுங்கிவிடும்.

ஒவ்வொரு சேனலின் மதிப்புக்கும் இயல் மடக்கை எடுத்து, அதன் குறியை மாற்றினால் ஒளியியல் ஆழம் கிடைக்கும். மதிப்பு 0.98 என்றால் ஆழம் 0.02, மதிப்பு 0.37 என்றால் ஆழம் 1. மதிப்பு 0.1க்குக் கீழே போனால் கோடு நிறைவுற்றது என்று பொருள். அங்கே சிறிய இரைச்சலும் பெரும் பிழையாக மாறும் என்பதால், ஃபார்மைல் அயனியைப் பொறுத்தவரை, கார்பன்-13 கொண்ட அதன் ஐசோடோப்பு வடிவத்தின் 86.754 கிகாஹெர்ட்ஸ் கோட்டுக்கு மாறுவது நல்லது.

இரைச்சலை அளக்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. பால்வழித் தளத்துக்கு அருகே ஹைட்ரஜன் வெளியீடே 100 கெல்வின் வரை இருக்கும். அது ஏற்பியின் அமைப்பு வெப்பநிலையோடு சேர்ந்துகொள்வதால், கோடு இருக்கும் சேனல்களில் இரைச்சல் மற்ற இடங்களைவிடக் கணிசமாகக் கூடிவிடுகிறது. கோடற்ற இடத்தில் அளந்த இரைச்சலை அப்படியே கோட்டின் மீதும் ஏற்றினால் நம் முடிவின் உறுதியை நாமே மிகைப்படுத்தியவர்களாவோம்.

பள்ளத்திலிருந்து ஹைட்ரஜனுக்கு

கோட்டின் மீது ஒளியியல் ஆழத்தைத் திசைவேகத்தோடு தொகையிட்டால் கிடைப்பதே அடிப்படை அளவு. அதன் அலகு கி.மீ./நொடி. ஃபார்மைல் அயனிக்கு, கிளர்வு வெப்பநிலையை 2.73 கெல்வினாகக் கொண்டு, இந்தத் தொகையை 1.12×10¹²ஆல் பெருக்கினால் அயனியின் தூண் அடர்த்தி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று கிடைக்கும். அதை 3×10⁻⁹ஆல் வகுத்தால் ஹைட்ரஜன் மூலக்கூறின் தூண் அடர்த்தி. ஹைட்ராக்சிலுக்கு, 1667 கோட்டின் தொகையைக் கிளர்வு வெப்பநிலையாலும் 2.24×10¹⁴ஆலும் பெருக்கி, கிடைத்ததை 10⁻⁷ஆல் வகுக்க வேண்டும்.

பயிற்சிக்காக எண்களை நாமே வைத்துக்கொண்டு ஒரு முறை போட்டுப் பார்ப்போம். ஒரு குவேசாரின் திசையில் ஃபார்மைல் அயனியின் தொகை 0.40 கி.மீ./நொடி என்று கொள்க. அயனியின் தூண் அடர்த்தி 4.5×10¹¹, ஹைட்ரஜன் மூலக்கூறு 1.5×10²⁰. வழக்கமான மாறிலியின்படி இதற்கு கார்பன் மோனாக்சைடின் செறிவு 0.75 கெல்வின் கி.மீ./நொடி இருந்திருக்க வேண்டும்; மெல்லிய வாயுவில் அது அதைவிட வெகுவாகக் குறைந்து, பரந்த வானளவைகளின் கண்டறியும் எல்லைக்குக் கீழே போய்விடும். அதே திசையில் 1667 கோட்டின் உச்ச ஆழம் 0.02, அகலம் 1 கி.மீ./நொடி என்றால் தொகை 0.021, கிளர்வு வெப்பநிலையை 4 கெல்வினாகக் கொண்டால் ஹைட்ராக்சில் 1.9×10¹³, ஹைட்ரஜன் மூலக்கூறு 1.9×10²⁰. இரு வழிகளும் இந்த அளவுக்கு நெருங்கி வந்தாலே மகிழ்ச்சி அடையலாம். ஏனெனில் நாம் வகுத்த விகிதங்களிலேயே ஒன்றரை மடங்கு வரை ஐயம் உண்டு. அவ்விகிதங்கள், பெரும்பாலும் சூடான விண்மீன்களின் முன்னே புறஊதாக் கோடுகளால் நேரடியாக அளந்த சில பார்வைக் கோடுகளையே அடிப்படையாகக் கொண்டவை.

ஹைட்ராக்சிலின் கிளர்வு வெப்பநிலையை ஊகத்துக்கு விடாமல் அளப்பது நல்லது. ஒற்றை அலைவாங்கியைக் கொண்டு மூலத்தை நோக்கி ஒரு முறையும், அதைச் சுற்றியுள்ள வெறும் வானத்தை நோக்கிப் பல முறையும் அளந்தால், முதலாவதில் உட்கவர்தலும் இரண்டாவதில் வெளியீடும் கிடைக்கும். ஆழம், கிளர்வு வெப்பநிலை என்ற இரண்டு அறியா அளவுகளையும் இவ்விரண்டிலிருந்து தீர்த்துவிடலாம். அரெசிபோ தொலைநோக்கியின் தரவுகளில் இம்முறையைக் கையாண்ட லி டியும் அவருடைய குழுவினரும், இந்த வெப்பநிலை பெரும்பாலும் 3.5 கெல்வினை ஒட்டியே இருப்பதை 2018இல் காட்டினார்கள். ஹைட்ராக்சில் ஏராளமாக இருந்தும் அதன் வெளியீட்டு வரைபடங்கள் மங்கலாகவே இருப்பதற்கு இதுவே காரணம்: கோட்டின் கிளர்வு வெப்பநிலையும் அங்குள்ள பின்னணியின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாகி, ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

கிடைத்தது மூலக்கூறு வாயுதானா?

முதலில் கோடே உண்மையா என்று பாருங்கள். இரு முனைவாக்கங்களிலும் தனித்தனியே, தரவின் முதல் பாதியிலும் இரண்டாம் பாதியிலும் தனித்தனியே, பள்ளம் ஒரே திசைவேகத்தில் தெரிய வேண்டும். ஹைட்ராக்சில் என்றால் 1665 கோட்டின் ஆழம் 1667 கோட்டின் ஆழத்தில் ஒன்பதில் ஐந்து பங்குக்கு அருகே இருக்க வேண்டும். சற்றே விலகலாம், ஆனால் 1665இல் ஒன்றுமே இல்லாமல் 1667இல் மட்டும் ஆழமான பள்ளம் இருந்தால் குறுக்கீட்டைச் சந்தேகியுங்கள்.

பிறகு கேட்க வேண்டிய கேள்வி, மறைந்த வாயு எனப்படுவது உண்மையில் அடர்ந்த அணுநிலை ஹைட்ரஜனாக இருக்கலாமா என்பது. வெளியீட்டிலிருந்து ஹைட்ரஜனைக் கணக்கிடுவோர், ஒளியியல் ஆழம் மிகச் சிறியது என்ற எடுகோளில் கணக்கிடுகிறார்கள். அந்த எடுகோள் தவறானால் ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்பட்டு, மீதியெல்லாம் மூலக்கூறு என்று தவறாக எழுதப்பட்டுவிடும். இந்த விவாதம் 2014, 2015 ஆண்டுகளில் ஃபுக்குய் யசுவோ குழுவினரின் கட்டுரைகளால் கூர்மை பெற்றது. இதைத் தீர்க்கும் வழி, அதே மூலத்தின் முன்னே 21 சென்டிமீட்டர் உட்கவர்தலை நேரடியாக அளந்து திருத்தம் போடுவதுதான். முன்பு இந்தக் கோட்டைத் தவிர்க்கக் கூடாது என்றது இதனால்தான். பால்வழித் தளத்திலிருந்து விலகிய உயர் அட்சங்களில் இவ்வாறு அளந்தவர்கள் திருத்தம் பெரும்பாலும் சிறிதே என்று கண்டிருக்கிறார்கள், ஆகவே மறைந்த வாயுவை அணுநிலை ஹைட்ரஜனால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆனால் பொதுமுடிவு எதுவாயினும், உங்கள் திசையில் நீங்கள் அளந்தே ஆக வேண்டும்.

கடைசியாகத் தூசோடு ஒப்பிடுங்கள். மேற்சொன்ன பயிற்சித் திசையில் சிவப்பேற்றம் (தூசு விண்மீன் ஒளியைச் சிவப்பாக்கும் அளவு) 0.15 என்று கொண்டால், வழக்கமான 5.8×10²¹ என்ற விகிதப்படி ஹைட்ரஜன் அணுக்கருக்களின் மொத்தம் 8.7×10²⁰. வெளியீடும் உட்கவர்தலும் சேர்ந்து அணுநிலை ஹைட்ரஜனை 5.5×10²⁰ என்று காட்டினால், மீதி 3.2×10²⁰. நம் மூலக்கூறு மதிப்பீட்டின் இரு மடங்கு 3.0×10²⁰, கணக்கு நேராகிறது. இத்தகைய பொருத்தம் ஒவ்வொரு திசையிலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கமீலியன் ஆய்வில் 13 திசைகளின் மொத்தம் எதிர்பார்த்த மறைந்த வாயுவின் மொத்தத்திலிருந்து 12 விழுக்காடு மட்டுமே வேறுபட்டது. தனித்தனித் திசைகளிலோ சிதறல் பெரிதாக இருந்தது. குவேசாரின் முன்னே நாம் அளப்பது ஒரு மெல்லிய இழை. தூசு வரைபடம் 5 கோண நிமிடங்களையும், எச்.ஐ.4பி.ஐ. ஹைட்ரஜன் வரைபடம் 16 கோண நிமிடங்களையும் சராசரியாக்கிக் காட்டுகின்றன. ஒரே ஒரு பார்வைக் கோட்டைக் கொண்டு ஒரு மேகத்தைப் பற்றி முடிவு எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒரே தொகுதியில் ஏழெட்டுத் திசைகளாவது வேண்டும்.

பள்ளம் தென்படாத திசைகளையும் விட்டுவிடாமல் எல்லை மதிப்போடு பட்டியலிடுங்கள். ஃபார்மைல் அயனியில் 0.2 கி.மீ./நொடி சேனலுக்கு இரைச்சல் 0.02 என்றால், 1 கி.மீ./நொடி அகலக் கோட்டுக்கு மும்மடங்கு இரைச்சல் எல்லை 0.027 கி.மீ./நொடி, அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறு 1.0×10¹⁹க்கு மேல் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். முன்சொன்ன ஹைட்ராக்சில் அளவீட்டில் இதே கணக்கு 4.8×10¹⁹ என்ற எல்லையைத் தரும். இந்த எண்களோடு, எடுத்துக்கொண்ட கிளர்வு வெப்பநிலை, விகிதம், சேனல் அகலம் மூன்றையும் அதே அட்டவணையில் எழுதிவைத்தால், நாளை விகிதங்கள் திருத்தப்படும்போது அடுத்தவர் உங்கள் தரவை மீண்டும் சீரமைக்காமலேயே புதிய மதிப்பைப் பெற்றுக்கொள்வார்.